குடைக்குப் பின்னால் நின்றவர்

கரமனையில் நாங்கள் குடியிருந்தபோது பார்சல் கொண்டுவந்த தபால்காரர், வெயிலானாலும் மழையானாலும் குடையோடுதான் வருவார். ஒல்லியான ஆள்; காக்கிக் கோட்டு முழங்கால்வரை தொங்கும். கேட்டின் கொக்கியை இரண்டு தடவை தட்டிவிட்டுக் காத்திருப்பார். எங்கள் நாய் டைகர் குரைத்துக்கொண்டு பாய்ந்தால் ஓடமாட்டார். குடையை மெல்ல விரித்து, முழங்காலுக்கு முன்னால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, நாயின் முகத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தபடி நிற்பார்.

ஒருநாள் நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அடிக்க வேண்டாம் சாரே," என்றார். "இன்னைக்கு நீங்க அடிச்சா, நாளைக்கு என்னைக் கண்டதும் அதுக்கு அந்த அடிதான் ஓர்மை வரும்."

கம்பைக் கீழே போட்டேன். டைகர் குடையை மோந்து பார்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் பார்சலை நீட்டினார்.

அவர் மாற்றலாகிப் போன மறுவாரம் வேறொரு தபால்காரர் வந்தார், அவரைவிட வயதானவர். கொக்கியை இரண்டு தடவை தட்டினார். மழை இல்லை, ஆனாலும் குடையை விரித்தார். பார்சலில் எழுதியிருந்த என் பெயரை அவர் படிக்கவே இல்லை.

"டைகர் வீடுதானே?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் இன்னும் எத்தனை வீடுகளை இப்படி நாயின் பெயரால் சொல்லிவைத்துவிட்டுப் போனாரோ, அந்த மனிதர்.