பொம்மிடியில் ஏறுகிறவள்

ஜவுளிக்கடை சேலைப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது சேலை பிரித்துக் காட்டத் தெரியுமா என்று கேட்பார்கள். பத்து மணி நேரம் நிற்க முடியுமா என்று கேட்க மாட்டார்கள். நான் பொம்மிடியிலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் சேலத்துக்குப் போகிறேன். கடையில் நிற்பதற்கு முன்னால் ரயிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டால் போதும் என்பது எட்டு வருஷத்து ஆசை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரியாததா? நிற்கிறவளுக்கு உட்கார்ந்திருக்கிற எல்லார் மேலேயும் பொறாமை வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

பைக்கு ஒரு சீட்டு

எங்களுக்கு முன்னால் மொரப்பூரில் ஏறுகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் எதிரெதிராக இரண்டு வரிசையைப் பிடித்துக்கொள்வார்கள். பொம்மிடி வரும்போது டிபன் டப்பாவைத் திறந்திருப்பார்கள். ஒருத்தி தக்காளிச் சட்னி, ஒருத்தி புதினாத் துவையல். அந்த வாசனையில் நின்றுகொண்டு வருவது தனிக் கொடுமை. அதைவிடக் கொடுமை, ஜன்னலோரத்தில் ஒரு நீலப் பை சௌகரியமாக உட்கார்ந்து வரும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "அந்தப் பை யாருதுங்க?" அது அவர்கள் ஆபீஸ் மேடத்துக்குப் பிடித்து வைத்த இடமாம். மேடம் டேனிஷ்பேட்டையில் ஏறுவாராம். எனக்குப் பின்னால் ஏறுகிறவருக்கு ஜன்னலோரம், முன்னால் ஏறுகிற எனக்குக் கம்பி! "அவங்க வர்ற வரைக்கும் உக்காந்துக்கட்டுங்களா?" என்றேன். சட்னிக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஒரு தடவ உக்காந்துட்டா நாளைக்கும் கேப்பீங்க."

துண்டு

எங்கள் ஸ்டேஷனில் ஒரு புதுக் கல்யாண ஜோடி. பொண்ணு சேலத்தில் டீச்சர் வேலைக்குப் போகிறது. ரயில் நுழைந்ததுமே மாப்பிள்ளை கூடவே ஓடி, பொம்மிடியில் இறங்குகிறவர்களின் சீட்டைக் கண்டுபிடித்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிடுவார். அந்தப் பொண்ணு அவசரமே இல்லாமல் ஏறி, துண்டை எடுத்து மடித்துவிட்டு உட்காரும். வண்டி புறப்படும்வரை அவர் ஜன்னலில் நின்று, "தண்ணி எடுத்துக்கிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். எட்டு வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஸ்டேஷன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது கிடையாது.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சாக இருந்தேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரும் தோளில் துண்டோடு வந்தார். ஓடினார், வீசினார். எந்த ஜன்னல் என்று எனக்குக் காட்டுவதற்குள் கூட்டம் என்னை அடுத்த பெட்டிக்குள் தள்ளிவிட்டது. இடித்துப் பிடித்து அந்தப் பக்கம் வந்து பார்த்தால், துண்டு ஒரு பெரியவர் தலையில் முக்காடு மாதிரி கிடந்தது. சீட்டை விட்டு அசையாமல் அவர் அதை மடித்துக் கையில் கொடுத்தார். "இன்னிக்கு நான் எறங்கலம்மா. வூட்டுக்காரரு நல்லா வீசுறாரு, வுட்டுடாதீங்க."

கோமதி

கோமதியும் பொம்மிடியில்தான் ஏறுவாள். மருந்துக் கடையில் வேலை. அவளுக்கும் சீட்டு கிடைக்காது. ஆனால் அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் நோட்டு. குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். யார் இடித்தாலும் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து வந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. என்னோடு நிற்கிறவள் நிற்காத மாதிரி வருகிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இந்தக் கூட்டத்துல படிச்சா மண்டையில ஏறுமா?" என்று குத்தலாகக் கேட்டேன். அவளுக்குக் குத்தல் புரியவில்லை. "நீங்களும் ப்ளஸ் டூ முடிச்சிருக்கீங்கதானுங்க்கா? சேந்து படிக்கலாம் வாங்க."

மஞ்சள் பை

பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும். சேலத்தில் வண்டி நின்றபோது கோமதிக்குக் கடையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே அவசரமாக இறங்கிப் போய்விட்டாள். மேலே பலகையில் அவளுடைய மஞ்சள் துணிப்பை. உள்ளே இரண்டு வருஷமாக அவள் கையால் எழுதிய நோட்டுகள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். நான் கூப்பிடவில்லை. இறங்கி, மேம்பாலப் படிக்கட்டு வரைக்கும் நடந்தேன். 'இவளும் நம்மள மாதிரி சும்மா நிக்கட்டுமே' என்று மனசு சொன்னது. அப்படியேதான் சொன்னது, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

முதல் படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. அந்த வண்டி ஈரோடு வரைக்கும் போகிற வண்டி. திரும்பி ஓடினேன். ஏறுகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனால், பை மேல் யாரோ அட்டைப்பெட்டியை ஏற்றி வைத்திருந்தார்கள். அதை நகர்த்தி எடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. வீரபாண்டி ரோட்டில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி, கடைக்குப் போகும்போது இரண்டு மணி நேரம் லேட். சூப்பர்வைசர் அன்று முழுக்க என்னைக் கர்ச்சீப் பிரிவில் போட்டுவிட்டார்.

சாயங்காலம் பிளாட்பாரத்தில் கோமதி அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். வீரபாண்டி வரைக்கும் போய் வந்ததைச் சொல்லிப் பையை நீட்டினேன். அதை வாங்கக்கூட இல்லை, என்னைக் கட்டிக்கொண்டாள். "நல்லவேளை, நீங்க பாத்தீங்க்கா. வேற யாராவது பாத்திருந்தா வுட்டுட்டுப் போயிருப்பாங்க."

கடைசி நாள்

பாஸ் பண்ணிவிட்டாள். காரிமங்கலத்தில் ஆபீஸ் வேலை, இனிமேல் பஸ்தான். கடைசி நாள் எல்லாருக்கும் ஜாங்கிரி கொண்டுவந்தாள். எல்லாரும் வாழ்த்தினார்கள். நானும் வாழ்த்தினேன். ஜாங்கிரியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். சேலத்தில் இறங்கியதும் அவளை ஓரமாக நிறுத்திச் சொல்லிவிட்டேன். "கோமதி, அன்னிக்கு உன் பைய நான் அப்பவே பாத்துட்டேன். பாத்துட்டு வேணும்னேதான் எறங்கிப் போனேன்."

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அது திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு தோளில் இருந்த மஞ்சள் பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். "வீரபாண்டி வரைக்கும் போனதும் நீங்கதானுங்களே. அடுத்த பரீட்சைக்கு நோட்டிஸ் வந்ததும் போன் பண்றேன். எழுத மாட்டேன்னு சொன்னீங்கன்னா கடைக்கே வந்துருவேங்க."

நோட்டைத் தினமும் திறக்கிறேன், படிக்கவும் செய்கிறேன். ஆனால் அவள் கையெழுத்துகூட என்னுடையதைவிட அழகாக இருப்பதைத்தான் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.