மேட்டு லயத்துப் பட்டன்

ஹட்டனில் என் மின்சாமான் கடைக்கு ஒரு மழைநாளில், தேயிலைத் தோட்டத்து லயம் எனும் வரிசை வீடுகளில் குடியிருக்கும், கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் வந்தார். மழை வலுக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, வெளியே மலையை எட்டிப் பார்த்தார்.

வயர் இல்லாத அழைப்பு மணிகளை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டேன்.

“கோயில் மணி வேணாங்க. கும்பிட்டுக்கிட்டு நின்னுருவாங்க. கேட்டதும் எந்திரிச்சி ஓடணும்.”

சைரன் ஒன்றைப் பட்டனோடு இணைத்துக் காட்டினேன். “எங்க மாட்டப் போறீங்க?”

“பட்டன் எங்க மேட்டு லயத்துல. சைரன் கீழ லயத்துல.”

“ஒங்க வீட்டுக்கு ஒண்ணு வேணாமா?”

“மண்ணு சரிஞ்சா மொதல்ல எங்க வீட்டுக்குத்தாங்க வரும். அமுக்க நேரம் இருந்தா போதும்.”

அதே மாதிரிச் சைரன் இன்னொன்று கடையில் இருக்கிறது. மழை பிடித்துவிட்டால், எதனோடும் இணைக்காத அது அலறிவிடுமோ என்று பார்த்தபடியே இருக்கிறேன்.