சுமியேயின் வலது கை

ஜப்பானின் மத்சுவே நகர மீன் சந்தையில் சுமியேயைப்போல வேகமாக மீன் அறுக்க ஆள் இல்லை. இடது கையால்தான் அறுப்பாள். நாற்பத்தாறு வயதில் அவள் தேநீர்ச் சடங்கு கற்கப் போனபோது அந்தக் கைதான் குறுக்கே வந்து நின்றது.

ஆசிரியை நோட்சு அவளைவிடப் பத்து வயது இளையவர். முதல் நாள் தண்ணீர் நிறைந்த சாடியைத் தூக்கி வரச் சொன்னார். ஐஸ் போட்ட மீன் கூடைகளை இருபது வருஷம் சுமந்த சுமியே ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள். ஆசிரியையின் புருவம் உயர்ந்தது. ஆனால் தேயிலைத் தூள் அள்ளும் மூங்கில் கரண்டி, இறகளவு எடைகூட இல்லாதது, அதை எடுக்கச் சொன்னதும் இடது கை பாய்ந்தது.

"வலது கைங்க, சுமியே. சடங்குல அதான் முறை."

"தெரியும் டீச்சர். இந்தக் கைக்குத்தான் தெரியல."

அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும்.

பக்கத்துக் கடைக்காரி ஹமாயோவுக்குக் கொண்டாட்டம். "மீன் நாத்தம் அடிக்கிற கையில பட்டுத்துணியா? அந்தச் சின்னக் கரண்டிய நீ கத்தின்னு நெனச்சு யாரையாவது அறுத்துடாதடி!"

சுமியே அன்றிலிருந்து மீன்மேல் தண்ணீர் ஊற்றும் அகப்பையை வலது கைக்கு மாற்றினாள். சோறு உண்ணும் குச்சிகளும் வலது கைக்கு. முதல் மாதம் பாதிச் சோறு மடியில் விழுந்தது. வீட்டில், சடங்கில் கரண்டி துடைக்கும் பட்டுத்துணியை நூறு முறை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

மூன்றாவது வருஷ இலையுதிர் காலத்தில், கோயிலில் நடந்த தேநீர்க் கூட்டத்தில் ஆசிரியை அவளைத் தேநீர் கலக்க உட்காரவைத்தார். விருந்தினர் வரிசையில் முதலாவதாக முதியவர் கடோவாக்கி. தேநீர்ச் சடங்கில் ஊரிலேயே கடுமையான கண் அவருடையது. கடைசியில், கடன் வாங்கிய கிமோனோவில் ஹமாயோ.

கிண்ணத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள் சுமியே. தேயிலைத் தூள் சிமிழின் மூடிமேல் படுத்திருந்த கரண்டி உருண்டு, அவளுடைய இடது பக்கம் பாயில் விழுந்தது.

இடது கை துடித்தது. அவ்வளவுதான், முழங்காலைவிட்டு எழவில்லை. வலது கை அவசரமில்லாமல் குறுக்கே சென்று கரண்டியை எடுத்தது. பட்டுத்துணியை மறுபடி மடித்து, கரண்டியை மறுபடி துடைத்து, தூளை அள்ளி, வெந்நீர் ஊற்றி, மூங்கில் மத்தால் நுரை பொங்கக் கலக்கினாள்.

கடோவாக்கி குடித்து முடித்து, கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதற்றமே இல்லாத கைம்மா. சின்ன வயசுலயே ஆரம்பிச்சீங்களோ?"

"இல்லைங்க, மூணு வருஷம்."

ஹமாயோவால் அடக்க முடியவில்லை. "ஐயா, அவ இடது கைக்காரிங்க!"

அறையே திரும்பிப் பார்த்தது. கடோவாக்கி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தரையில் கையூன்றி, தேவைக்கு மேல் தாழ்ந்து வணங்கினார். ஆசிரியையின் முகம் சிவந்து மலர்ந்தது. சுமியே தலைகுனிந்து பதில் வணக்கம் செய்தாள். நெஞ்சு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

மறுநாள் காலை சந்தையில் ஹமாயோ, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இவ கலக்கின டீய நான் குடிச்சிருக்கேன், தெரியுமா? கடோவாக்கி ஐயாவே குனிஞ்சாரு!"

"வியாபாரத்தப் பாருடி," என்றாள் சுமியே, அடுத்த மீனை இழுத்துப் போட்டபடி.