பாப்பம்மாள் பஸ் ஏறிய நாள்

டில்லிக்கு வந்து பல வருஷமாகியும் பாப்பம்மாள் தனியாகப் பஸ் ஏறியதில்லை. இந்தியும் வராது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதுகூட அவள் கணவர் கலியமூர்த்திதான். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் மாடிவீட்டுக்குள்ளேயே அவள் காலம் ஓடியது.

1981இல் கலியமூர்த்திக்கு நுரையீரலில் புற்று என்றார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று மட்டும் பாப்பம்மாள் அவரிடம் சொல்லிவைத்தாள். கீழ்வீட்டு நர்ஸ் ஜலஜா, டாக்டர் எழுதிக்கொடுத்தபடி தினமும் வந்து வலிக்கு ஊசி போட்டாள்.

ஒருநாள் காலை ஊசி போட வந்தபோது அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“முதல்ல உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர். நான் பொழைக்க மாட்டேன்ல?”

கதவோரம் நின்ற பாப்பம்மாள் கைகூப்பினாள், வேண்டாம் என்று. ஜலஜா அவளைப் பார்த்தாள், பிறகு அவரை.

“ஆமா சார். ஆனா வலியில துடிக்க விடமாட்டேன்.”

“வெளிய போ!” என்று கத்தினாள் பாப்பம்மாள். ஜலஜா நகரவில்லை. இழுத்துக்கொண்ட கையை அவர் மறுபடி நீட்டினார்.

“நான் போறது இருக்கட்டும். அப்புறம் இவ இந்த ஊர்ல ரோட்டைத் தாண்டுவாளா? அதான் நெஞ்சை அடைக்குது.”

அன்றிலிருந்து, இருமலுக்கு நடுவே அவளுக்கு இந்தி சொல்லிக்கொடுத்தார். அவள் அழுதுகொண்டே கற்றாள். கடைசியில் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் பஸ்ஸில் தனியே போய்வரச் சொன்னார்.

போனவள் மதியம் தாண்டியும் வரவில்லை. மழை கொட்டியது. கலியமூர்த்திக்கு வலி ஏறியது. ஜலஜா ஊசியை எடுத்தாள்.

“வேணாம். தூங்கிடுவேன். அவ படி ஏறி வர்ற சத்தம் கேக்கணும்.”

போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டார். தேடிப் போகலாமென்றால் இவரை யார் பார்ப்பது? ஜலஜா ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். பாப்பம்மாளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

சொட்டச் சொட்ட நனைந்து அவள் உள்ளே வந்தாள்.

“தப்பான பஸ்ல ஏறிட்டேங்க. கண்டக்டர் நடுவழியில எறக்கிவிட்டான். நானும் விடல. ‘பையா, மலை மந்திர் கிதர்?’னு கேட்டுக் கேட்டே போயிட்டு வந்துட்டேன்.”

அவர் நெற்றியில் விபூதியிட்டாள். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது.

“இப்ப போடுங்க சிஸ்டர்.”

தீபாவளி கழிந்து ஒரு மத்தியானம், அவள் கையைப் பிடித்தபடியே அவர் போனார். முகத்தில் வலி இல்லை. ஊருக்கே வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டபோது பாப்பம்மாள் மறுத்தாள். கணவரின் ஆபீஸிலேயே அவளுக்குக் கடைநிலை வேலை கிடைத்தது.

ஜலஜாவிடம் அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த தெருவில் இதேபோல் ஒருவர் படுத்திருக்கிறார் என்று ஜலஜா சொன்ன அன்று, “இருங்க, நானும் வர்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.