சத்தத்துக்குப் பழகியவள்

மகள் வேலை பார்க்கும் போர்க்கப்பலைக் குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்றார்கள். மைசூரிலிருந்து கிளம்பிப் போனேன். இரும்பு ஏணிகளில் என்னை ஏற்றி இறக்கி, ஏவுகணை எந்த மூடிக்குக் கீழே இருக்கிறது, பீரங்கியை எந்த அறையிலிருந்து சுடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவையும் காட்டுகிறவள், தான் தூங்குகிற இடத்தைக் காட்டவில்லை.

திடீரென்று தலைக்கு மேலே சைரன் அலறியது. வந்திருந்த பெற்றோர் எல்லோரும் பதறிப்போனார்கள். நான் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டேன். ஏவுகணையின் மூடியைச் சுட்டிக்கொண்டிருந்த அவள் விரல் மட்டும் அசையவில்லை.

“சும்மா டெஸ்ட்தாம்மா. எனக்குப் பழகிடுச்சு.”

தீபாவளிக்கு யாராவது வெடி வைத்தால் என் புடவைக்குள் புகுந்துகொண்டிருந்த பெண் இவள்.

எங்கள் ஊரில் தசராவுக்கு முன்னால் யானைகளை வரிசையாக நிறுத்தி, பக்கத்திலேயே பீரங்கி வெடித்துப் பழக்குவார்கள். முதல் நாள் நடுங்கிப் பின்வாங்கும் யானை, கடைசி நாள் காதைக்கூட ஆட்டாமல் நிற்கும். வருஷா வருஷம் அதைப் பார்த்துக் கை தட்டியிருக்கிறேன்.

கப்பலில் யாரோ என் மகளுக்குக் கை தட்டினார்கள். என் கை கம்பியை விட்டு வரவில்லை.