அத்தையின் கறவைப் புடவை

எனக்கும் என் மாமியாருக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் எல்லா வேலையையும் என் தலையில் கட்டியவர், மாட்டை மட்டும் தொடவிட்டதில்லை. பழைய நீலப் புடவையைச் சுற்றிக்கொண்டு, "இருடி, வந்துட்டேன்" என்று நாக்கைச் சொடுக்கியபடி கொட்டகைக்குப் போவார். என்னிடம் ஒருநாளாவது அந்தக் குரலில் பேசியிருக்கலாம்.

அவர் இறந்து, காரியம் முடியும்வரை உறவுக்காரர்கள் மாற்றி மாற்றிக் கறந்தார்கள். பால் கம்மியாகிக்கொண்டே வந்தது. பிறகு என் முறை. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் அடி அண்ணாமலையில் எங்கள் வாசலை உரசிப் போனாலும் அசராத மாடு, என் கை பட்டதும் நடுங்கியது. மடி கல்லாக இறுகியிருந்தது.

கால்நடை டாக்டர் தவிடு, புண்ணாக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்தார். தீனியில் குறையில்லை, ஆள் மாறிய பயம், பயந்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்றார். இப்படியே தேங்கினால் மடிநோய் வந்து காம்பு போய்விடுமாம். அப்புறம் அது அடிமாடுதான்.

அத்தை புடவையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. அவர் துணிகளை எல்லாம் கொடுத்தாயிற்று. கொட்டகை ஆணியில் தொங்கிய நீலப் புடவையை மட்டும் எல்லோரும் மறந்திருந்தோம். துவைக்காதது. சாணியும் பாலும் வெற்றிலையுமாக அவர் வாசனை அப்படியே இருந்தது. சுற்றிக்கொள்ளும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாடு என் தோளை முகர்ந்து பார்த்தது. பிறகு முதுகை நக்க ஆரம்பித்தது. அந்தச் சொரசொரப்பான நாக்குக்குப் பயந்தோ என்னவோ, என் வாய் தானாக "இருடி, வந்துட்டேன்" என்றது. பால் இறங்கியது.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த மாமனாரின் குரல் கேட்டது.

"வந்துட்டியாடி?"

என்னை அவர் "ம்மா" என்றுதான் கூப்பிடுவார். என் கை நின்றுவிட்டது. மாட்டின் காது விறைத்தது. பால் நூலாக மெலிந்தது.

"இத்தினி நாளு எங்கடி போயிருந்த?"

பாதிப் பால் இன்னும் மடியிலேயே இருந்தது. நான் பயந்தால் அதுவும் பயப்படும்.

"எங்கியும் போகலங்க. கறந்துட்டு வரேன், படுங்க."

அது என் குரல் இல்லை. செம்பில் பால் மறுபடி சர்சர்ரென்று விழுந்தது.