இல்லை என்று சொன்ன சந்து

துணி தேய்ப்பதில் மடிப்பு அக்காவை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆளே கிடையாது. கரிப்பெட்டியின் சாம்பலை ஊதி, ஈரத்துணியில் ஒரு தொடு தொட்டுச் சூடு பார்த்து அவள் இழுத்தால், சட்டைக் கை கத்தி மாதிரி நிற்கும். வாயும் அப்படித்தான். பெரிய வீட்டுக்காரர்கள் மடிப்பு மடிப்பு என்று சொல்லிச் சொல்லியே, பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறக்கும்படி செய்துவிட்டார்கள். சலவைச் சந்தில் யாருக்கு யாரோடு தகராறு என்றாலும் அவள் மேசை முன்னால்தான் வந்து நிற்பார்கள். அவள் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அவள் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. கடைசியில் அதுவே வினையாகிப் போனது.

வீடு என்றால் ஓர் அறை, தகரக் கூரை. பின்னால் ஒரு விறகடுப்பு. துணி வேக வைப்பதும் அதில்தான், சோறு வேக வைப்பதும் அதில்தான். புகை வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். புருஷன் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். பேசுகிற பொறுப்பை மொத்தமாகப் பெண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். மருமகன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். ஒரே மகள் அம்மாவுடன் இருந்தாள், மாசமாக.

இது அவளுக்கு இரண்டாவது. முதல் பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு எகிறி, கைகால் வீங்கி, குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. பெண் குழந்தை, எலிக்குஞ்சு அளவுதான். ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்தது, இருமியது, தவழக் கற்றுக்கொள்ளும் முன்பே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மடிப்பு அக்கா போட்ட உத்தரவு அது. பேசினால் தானே முதலில் உடைந்துபோவோம் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த முறை மகளுக்கு வந்த ஒரே நல்ல காலம், வாரம் தவறாமல் சந்து முனையில் வந்து நின்ற மருத்துவ வண்டி. அதிலிருந்த வயதான நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிக் கொதிப்பைப் பார்ப்பாள், காலை அமுக்கி வீக்கம் பார்ப்பாள், மாத்திரையைத் தன் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்வாள். கொதிப்பு மட்டும் அடங்கியே இருக்க வேண்டும், எகிறினால் தாயும் போவாள் பிள்ளையும் போகும் என்று அவள் மடிப்பு அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் காலையில் நின்ற வரிசை சாயங்காலமும் அப்படியே நிற்கும். ஆகவே வண்டிதான் கதி.

இந்த நேரத்தில்தான் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வருகிறது என்ற செய்தி வந்தது. சந்தே பயந்துபோனது.

காரணம் இருந்தது. முன்பு கீழ்ச்சந்து என்று ஒன்று இருந்தது. அங்கேயும் இப்படித்தான் ஆட்கள் வந்து அன்பாகக் கேட்டார்கள். அந்தச் சனங்களும், கேட்க ஒரு ஆள் கிடைத்தாரே என்று மனம் விட்டுக் கொட்டித் தீர்த்தார்கள். சாக்கடை உள்ளே வருகிறது, பிள்ளைகள் சாகின்றன, குடிக்கத் தண்ணீரில்லை என்றார்கள். கேட்டவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். மனிதர் வாழத் தகாத இடம் என்று முடிவாகி, ஒரு காலையில் இயந்திரம் வந்து கீழ்ச்சந்தைத் துடைத்துவிட்டுப் போனது. இன்றைக்கு அங்கே கார் நிறுத்துகிறார்கள். அந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று கணக்கெடுக்க மட்டும் இதுவரை யாரும் வரவில்லை.

மடிப்பு அக்கா சந்துச் சனங்களைக் கூட்டினாள். அன்றைக்குத்தான் அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசியது.

"நல்லாருக்கோம்னு சொல்லுங்க. எது கேட்டாலும் நல்லாருக்கோம். நோய் இருக்கா? இல்ல. சாவு இருக்கா? இல்ல. எவளாவது அழுது வச்சீங்க, மொத்த சந்தும் தெருவுல நிக்கும்."

அதோடு விட்டாளா? வெளுக்க வந்திருந்த பெரிய வீட்டுத் திரைச்சீலைகளை வாசலில் தொங்கவிட்டாள். அடுத்தவர் படுக்கை விரிப்பில் சந்துப் பிள்ளைகள் அன்றைக்கு ராஜாக்களாக உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத பயலுக்குக்கூட யார் வீட்டுச் சீருடையோ மாட்டப்பட்டது, சட்டைக் கை மட்டும் முழங்கைக்குக் கீழே தொங்கியது. சந்தில் மொத்தமே ஒரே ஒரு வீட்டில்தான் கேஸ் அடுப்பு இருந்தது. கணக்கெடுக்க வந்த பெண் ஒரு வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அது பின்சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய் அவளுக்காகக் காத்திருந்தது. வேறு எந்தச் சனமும் இந்தக் கூத்தை இத்தனை சுத்தமாக நடத்தியிருக்க முடியாது. அடுத்தவர் துணியைத் தம் துணிபோலப் பார்த்துக்கொள்வதுதானே அவர்கள் பிழைப்பே.

வந்த பெண் பாவம், நல்லவள். செருப்பு தேய்ந்து, வெயிலில் கறுத்து, பட்டியலில் உள்ளதைக் கேட்டாள். மடிப்பு அக்கா கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னாள். கடைசியாக அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த வீட்ல, இந்த அஞ்சு வருஷத்துல, சின்னக் குழந்தை ஏதாவது தவறியிருக்காம்மா?"

மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் திறந்தது. மடிப்பு அக்கா முந்திக்கொண்டாள்.

"இல்லம்மா. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

மகள் வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் முகத்தில் ஈயாடவில்லை. மடிப்பு அக்கா அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் கூரை நிலைத்தால் போதும் என்று மனசை இறுக்கிக்கொண்டாள்.

கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்து கொஞ்ச நாள் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பிறகு ஒரு வாரம் வண்டி வரவில்லை. பழுதாக இருக்கும் என்றார்கள். அடுத்த வாரமும் வரவில்லை. புதுக் கணக்கெடுப்பின்படி வண்டி இனி பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும், அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும்தான், வயதான நர்ஸையும் வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். மாத்திரை தீர்ந்தது. மகளின் கால் செருப்புக்குள் போக மறுத்தது. காலை அமுக்கினால் குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவில்லை. தலை வலிக்கிறது என்று அவள் சொன்ன அன்று, மடிப்பு அக்கா துணி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு, வண்டியைத் திரும்பக் கேட்கக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கிருந்த அதிகாரி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பொறுமையாக விளக்கினார். இப்போதெல்லாம் கையில் வரும் கூலியை மட்டும் வைத்து ஏழை என்று முடிவு செய்வதில்லையாம். படிப்பு, உடம்பு, அடுப்பு, தண்ணீர், கூரை என்று ஒவ்வொரு குறையையும் எடை போட்டுக் கூட்டுவார்களாம். குறை அதிகமுள்ள இடத்துக்குத்தான் வண்டி முதலில் போகுமாம். அதில் பிள்ளை இறந்த வீட்டுக்கு எடை அதிகமாம். சலவைச் சந்தில் அப்படி ஒரு வீடுகூட இல்லை என்பதே தங்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது என்றார்.

மடிப்பு அக்கா எழுந்து நின்றுவிட்டாள். சந்தில் எத்தனை வீட்டில் எத்தனை போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? எல்லோரையும் இல்லை என்று சொல்ல வைத்தது அவள்தானே. தன் தலையில் மட்டுமல்ல, சந்தின் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறாள். பொய் சொன்னோம் ஐயா, எங்களுக்குத் தெரியாது, மறுபடி வந்து எழுதுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் யாரையும் கும்பிட்டு மகள் பார்த்ததில்லை. எழுதலாம், அடுத்த கணக்கெடுப்பில் கட்டாயம் எழுதலாம் என்றார் அதிகாரி. அது எப்போது என்று கேட்டதற்கு, சில வருடங்கள் ஆகும் என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் மகள் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அம்மா, கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது."

மடிப்பு அக்கா போகிற ஆட்டோவுக்கெல்லாம் கை காட்டினாள். போன பிரசவத்திலும் மகள் இதையேதான் சொன்னாள். ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. அப்போது பாலத்தை நோக்கி அந்த மருத்துவ வண்டி வந்தது. மடிப்பு அக்கா யோசிக்கவே இல்லை, நடுரோட்டில் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் ஹாரனை அழுத்தினான், திட்டினான், கடைசியில் வேறு வழியில்லாமல் நிறுத்தினான். கதவைத் திறந்தது ஒரு புது நர்ஸ், சின்னப் பெண். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும்தான் என்று தொடங்கியவள், மகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்துப் பட்டையைக் கட்டினாள். முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் காற்றை இறக்கிவிட்டு மறுபடியும் கட்டினாள்.

"இதுக்கு முன்னாடி பிரசவம் ஆயிருக்கா? குழந்தை எதுவும் தவறியிருக்கா? சீக்கிரம் சொல்லுங்க."

மகள் நர்ஸைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள், எதைச் சொல்லட்டும் என்று கேட்பவளைப் போல.

"இருந்துச்சும்மா," என்றாள் மடிப்பு அக்கா. "ஒரு பொண்ணு இருந்தா. செத்துப்போயிட்டா. அப்பவும் இவளுக்கு இதே கொதிப்புதான்."

சொல்லி முடிப்பதற்குள் மகளின் கண்கள் மேலே செருகின. கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. நர்ஸ் அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டியைப் பெரியாஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லி டிரைவரிடம் கத்தினாள்.